32 விநாடி: வீட்டுக்குள் வந்த எக்ஸ்சேஞ்சின் கதை

காலை நடைப்பயிற்சி முடித்துக் கடற்கரைச் சாலைத் திண்டில் உட்கார்ந்திருக்கும்போது, நம் ஓய்வூதியர் வட்டத்து நண்பர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "செல்போனில் பேசுகிறோம், பேரனோடு வாட்ஸ்அப்பில் பேசுகிறோம். கம்பியும் இல்லை, 'நம்பர் ப்ளீஸ்' என்று கேட்க எக்ஸ்சேஞ்சில் ஆளும் இல்லை. பிறகு யார் நம்மை இணைத்து வைக்கிறார்கள்?" நான் நாலு வாக்கியத்தில் ஏதோ சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 1977ஆம் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா 1964இல் கல்யாணமாகிப் பிரான்ஸ் போனவள். அத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா. புதுச்சேரியில் இப்படிப் போன குடும்பங்கள் எத்தனையோ. கடிதம்தான் உறவு. 1977இல் அப்பா காலமானபோது தந்தி கொடுத்தோம். இரண்டாம் நாள் இரவு, பக்கத்துத் தெருவில் தொலைபேசி வைத்திருந்த வக்கீல் வீட்டுக்கு அக்காவிடமிருந்து டிரங்க் கால் வந்தது. அம்மாவை இருவர் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனோம். ரிசீவரைக் காதில் வைத்தால் இரைச்சல் மட்டும்தான். "அலோ, அலோ, கேட்கிறதா?" என்று நான் கத்தினேன். அம்மா வாங்கிக் கதறினாள். எதிர்முனையில் ஒரு சொல்கூட வரவில்லை. மூன்று நிமிடம் கழித்து இணைப்புப் போய்விட்டது.

பத்து நாள் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அம்மா அழுதது, நான் கத்தியது, வக்கீல் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அடித்தது எல்லாமே. அவளும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். எங்களுக்குத்தான் கேட்கவில்லை. எந்த ஊர் எக்ஸ்சேஞ்சில், எந்தக் கம்பியில் பழுது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கேட்கவும் எங்களுக்கு வழி தெரியாது. எக்ஸ்சேஞ்ச் என்பது பூட்டிய அறை. உள்ளே என்ன நடக்கிறது என்பது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பூட்டிய அறை திறந்த கதைதான் இது.

சவப்பெட்டிக் கடைக்காரரின் கோபம்

தொலைபேசி வந்த புதிதில் இணைப்புக் கொடுத்தவர்கள் மனிதர்கள்தான். பிரான்ஸில் இந்த வேலை செய்த பெண்களுக்குத் 'தெமுவாசேல் டியு தெலெஃபோன்' என்று பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஃபெர்னான் ரேனோ என்ற நகைச்சுவைக் கலைஞரின் 'லே வேந்த்-தெ ஆ அஸ்னியேர்' நினைவிருக்கும். பாரிஸில் இருக்கும் ஒருவர், கூப்பிடு தூரத்தில் இருக்கும் அஸ்னியேர் என்ற புறநகருக்குப் பேச முடியாமல் தவிக்கிறார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் வெளிநாட்டோடு பேசிவிட்டுப் போகிறார்கள். கடைசியில் அவர் நியூயார்க்கைக் கேட்டு வாங்கி, நியூயார்க்கிடம் அஸ்னியேரைக் கேட்கிறார். நாங்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். ஆனால் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு டிரங்க் கால் புக் செய்து காத்திருந்தவர்களுக்கு அது முழுக்கச் சிரிப்புக் கதையும் அல்ல.

இணைப்புக் கொடுக்கும் மனிதரை நீக்கிவிட்டு இயந்திரத்தை வைத்தவர் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்ற அமெரிக்கர். கான்சாஸ் சிட்டியில் ஈமச் சடங்குத் தொழில் செய்தவர். எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் தனக்கு வரவேண்டிய அழைப்புகளைப் போட்டிக் கடைக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம் என்று கதையாகச் சொல்வார்கள். கதை எப்படியோ, 1891இல் அவருக்குத் தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கான காப்புரிமை கிடைத்தது. 1892இல் இண்டியானா மாநிலத்து லா போர்ட் என்ற ஊரில் அது வேலை செய்யத் தொடங்கியது. பிரான்ஸில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913இல் நீஸ் நகரில் வந்தது. நம் நாட்டில் ஊர் விட்டு ஊர் நேரடியாகச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில் ஆரம்பமாயிற்று.

மனிதர் போய் இயந்திரம் வந்தது. அறை மட்டும் பூட்டியபடியே இருந்தது. அலுவலகத்துக்குள் பேசிக்கொள்ள ஒரு சின்ன இ.பி.ஏ.பி.எக்ஸ். வைத்தால்கூட, அதைத் தொட ஒப்பந்தக்காரர்தான் வரவேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒன்று இருந்தது. மேலதிகாரியின் அறை மாறியபோது, ஒரே ஒரு எண்ணை மாற்றி எழுத மூன்று வாரம் கோப்பு நடந்தது. அந்தக் கோப்பை நடத்தியவன் நான்தான்.

பணமில்லாத மாணவரின் நட்சத்திரம்

1999இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர், லினக்ஸ் கணினிகளுக்கு உதவி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். உதவி கேட்பவர்கள் தொலைபேசியில்தானே கூப்பிடுவார்கள்? அழைப்பைப் பிரித்துக் கொடுக்க ஒரு பி.பி.எக்ஸ். வேண்டும். விலை விசாரித்தார். கையில் இருந்த முதலுக்குள் அடங்கவில்லை. நமக்கென்றால் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டிருப்போம். அவர் தன் கணினியையே எக்ஸ்சேஞ்சாக மாற்றும் நிரலைத் தானே எழுத ஆரம்பித்தார். அதற்கு 'ஆஸ்டரிஸ்க்' என்று பெயர் வைத்தார். தொலைபேசிப் பொத்தான்களில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே ஒரு நட்சத்திரக் குறி, அதுதான். கணினி உலகில் அந்தக் குறிக்கு 'எதுவாக இருந்தாலும்' என்றும் பொருள் உண்டு.

அதே காலத்தில் ஜிம் டிக்சன் என்ற இன்னொரு அமெரிக்கர், தொலைபேசிக் கம்பியைக் கணினியில் செருகுவதற்கான அட்டை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதுவரை அத்தகைய அட்டைகளில் விலையுயர்ந்த தனிச் சில்லுகள் இருக்கும். இவரோ, அந்த வேலையைக் கணினியே செய்யட்டும், அட்டை எளிமையாக இருந்தால் போதும் என்றார். அந்த முயற்சிக்கு மெக்சிகோ புரட்சி வீரர் சப்பாட்டாவின் பெயரை வைத்தார். அட்டையின் வரைபடத்தையும் ஒளிக்காமல் வெளியிட்டார். இவருடைய அட்டையும் அவருடைய நிரலும் சேர்ந்தன. 2004இல் ஆஸ்டரிஸ்க்கின் 1.0 பதிப்பு வந்தது. ஸ்பென்சரின் நிறுவனம் பிற்பாடு டிஜியம் என்று பெயர் பெற்றது, 2018இல் கனடாவின் சங்கோமா நிறுவனத்தோடு சேர்ந்தது.

இதில் முக்கியமான சங்கதி, நிரலின் மூலத்தை அவர் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம் என்று விட்டதுதான். எக்ஸ்சேஞ்ச் அறையின் சாவியைத் தெருவில் தொங்கவிட்ட மாதிரி.

அனுப்புநர், பெறுநர், பார்வை

எக்ஸ்சேஞ்ச் கிடைத்துவிட்டது. எக்ஸ்சேஞ்சும் தொலைபேசியும் இணையத்தில் ஒன்றோடொன்று பேச ஒரு பொது மொழி வேண்டுமே. அந்த மொழிதான் 'சிப்'. எஸ், ஐ, பி என்ற மூன்று எழுத்து. 1996இல் மார்க் ஹாண்ட்லியும் ஹென்னிங் ஷுல்ஸ்ரின்னெயும் தனித்தனியே முன்வைத்த இரண்டு யோசனைகளை ஒன்றாக்கி உருவானது. 1999இல் முதல் தரநிலையும், 2002இல் இன்றும் புழங்கும் திருத்திய தரநிலையும் வெளிவந்தன. அந்த 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல்தான் நம் நாட்டில் இணையத் தொலைபேசிக்கு வரம்புக்குட்பட்ட அனுமதி கிடைத்தது. அதற்கு முன் அது தடை செய்யப்பட்ட சரக்கு.

சிப் மொழியின் ஒரு கடிதத்தை என் மகன் முதன்முதலில் திரையில் காட்டியபோது நான் திகைத்துப் போனேன். ஏதோ பொறியியல் ரகசியம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் நம் அலுவலகக் கடிதம்! மேலே அனுப்புநர், அடுத்து பெறுநர். கோப்பு எண் மாதிரி ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் எண். கடிதத்துக்கு வரிசை எண். எந்தெந்த மேசை வழியாக வந்தது என்ற குறிப்பு. பதில் எழுத வேண்டிய முகவரி. எல்லாம் படிக்கக்கூடிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு விவரம்.

நடைமுறையும் அப்படியே. தொலைபேசிக் கருவி மின்சாரம் கண்டதும் சர்வருக்கு 'ரெஜிஸ்டர்' என்று எழுதுகிறது. 'நான் 102, இன்ன முகவரியில் இருக்கிறேன், பதிந்துகொள்ளவும்.' சர்வர் 401 என்று பதில் தருகிறது, 'அடையாளம் காட்டு' என்று பொருள். கடவுச்சொல் சரியாக இருந்தால் 200, அதாவது 'சரி'. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் 'இன்வைட்', அழைப்பிதழ். அதற்கு 100 வந்தால் 'முயல்கிறேன்', 180 வந்தால் 'மணி அடிக்கிறது', 486 வந்தால் 'வேறு பேச்சில் இருக்கிறார்', 404 வந்தால் 'அப்படி ஒருவர் இங்கே இல்லை'. எடுத்துவிட்டால் 200. எடுத்த செய்தி கிடைத்தது என்று கூப்பிட்டவர் அனுப்புவது 'ஏக்', நம் பாஷையில் ஒப்புகை. பேசி முடித்தால் 'பை'.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். இந்தக் கடிதங்களில் குரல் இல்லை. 'என் குரலை இந்த முகவரிக்கு, இந்தக் கதவு எண்ணுக்கு அனுப்பு' என்று உள்ளே ஒரு துண்டுச்சீட்டு மட்டும்தான் இருக்கும். குரல் அந்த முகவரிக்குத் தனியாகப் பயணம் செய்கிறது. நான் சொல்லப்போகும் தொல்லை முழுவதும் அந்தத் துண்டுச்சீட்டிலிருந்து வந்தது.

எங்கள் வீட்டு எக்ஸ்சேஞ்ச்

2011 பொங்கல் சமயம். அக்காவுக்கு 73 வயது. அத்தான் போய்ச் சேர்ந்து நான்கு வருடம். பாரிஸ் புறநகரில் தனி வீடு. கண் பார்வை குறைந்துவிட்டது. கணினி, ஸ்கைப் எதுவும் அவளுக்கு ஒத்துவரவில்லை. "பொத்தான் அழுத்தினால் மணி அடிக்கிற போன் வேண்டும், தம்பி, எனக்கு அது போதும்" என்றாள். அவள் மகன் அங்கே மேசைமேல் வைக்கிற, பார்க்கப் பழைய போன் மாதிரியே இருக்கிற சிப் தொலைபேசி ஒன்று வாங்கினான். இங்கே என் மகன் ஒரு பழைய கணினியில் ஆஸ்டரிஸ்க்கைப் போட்டான். வீட்டுக்கு நிலையான இணைய முகவரி ஒன்றைக் கட்டணம் கட்டி வாங்கினோம். எனக்கு எண் 101, அக்காவுக்கு 102. ஊர்த் தொலைபேசி இணைப்பு எதையும் அதில் செருகவில்லை. இணையத்திலிருந்து வரும் அழைப்பை உரிமம் இல்லாமல் சாதாரணத் தொலைபேசிக்குள் திருப்பிவிடுவது இங்கே சட்ட விரோதம். நான் அரசாங்கத்தில் இருந்தவன், அந்த விஷயத்தில் கண்டிப்பு.

அக்காவின் போன் ஒழுங்காகப் பதிவாயிற்று. திரையில் 102 என்ற எண்ணுக்கு நேரே 'ஓகே' என்று வந்தது. அவள் 101 அழுத்தினாள். என் மேசையில் மணி அடித்தது! நான் எடுத்து, "அக்கா!" என்றேன். பதில் இல்லை. "அக்கா, கேட்கிறதா?" இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே துண்டித்துக்கொண்டது. மறுபடி அடித்தாள். மறுபடி மௌனம், மறுபடி துண்டிப்பு. என் மருமகன் வேறு போனில் கூப்பிட்டு, "மாமா, அம்மாவுக்கு நீங்க பேசுறது நல்லா கேக்குதாம், அம்மா பேசுறது உங்களுக்குக் கேக்கலையா?" என்றான்.

எனக்கு உடம்பு சில்லிட்டது. வக்கீல் வீட்டுக் கூடத்தில் அம்மாவைத் தாங்கிக்கொண்டு நின்றது அப்படியே வந்துவிட்டது.

மூன்று நாள் வீணாயிற்று. போனில் கோளாறு என்றோம். ரவுட்டரை மாற்றினோம். இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டால், "நெட் வேலை செய்கிறதா? செய்கிறதல்லவா? அப்படியானால் எங்கள் பக்கம் பழுதில்லை" என்று வைத்துவிட்டார்கள். நாலாம் நாள் என் மகன், "அப்பா, நீங்க கோப்புப் பார்த்தவர். நான் லாக் எடுத்துத் தரேன், படிச்சுப் பாருங்க" என்று, ஒரே ஓர் அழைப்பில் போய்வந்த கடிதங்கள் அத்தனையையும் அச்செடுத்துக் கையில் கொடுத்தான். பதினோரு பக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அக்காவின் 'இன்வைட்' வந்திருந்தது. நம் சர்வர் 100 அனுப்பியது, 180 அனுப்பியது. நான் எடுத்ததும் 200 அனுப்பியது. அடுத்து ஒப்புகை வர வேண்டும். வரவில்லை. அரை விநாடி கழித்து அதே 200 மறுபடி. பிறகு ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளி விட்டு விட்டு அதே கடிதம். இது என்னவென்று எனக்கா தெரியாது? நினைவூட்டு 1, நினைவூட்டு 2, நினைவூட்டு 3! ஆயுள் முழுவதும் நான் தட்டச்சு செய்ததே அதுதானே. கடைசிப் பக்கத்தில், 32000 மில்லி விநாடி ஆகியும் பதில் இல்லை, அழைப்பை முடிக்கிறேன் என்று ஒரு வரி. அதாவது 32 விநாடி. மகன் கடிகாரம் வைத்துப் பார்த்தான். ஒவ்வொரு அழைப்பும் 32 விநாடியில்தான் அறுந்திருக்கிறது. தரநிலையிலேயே அந்தக் கணக்கு இருக்கிறதாம். அரை விநாடியை 64 மடங்காக்கினால் 32.

கடிதம் போயிருக்கிறது, ஒப்புகை வரவில்லை என்றால் அலுவலகத்தில் முதலில் எதைப் பார்ப்போம்? பதில் முகவரியைத்தான். பார்த்தேன். நம் சர்வர் தன் பதில் முகவரியாக எழுதியிருந்தது 192.168.1.10. உள்ளே துண்டுச்சீட்டிலும் அதே எண். "இது என்ன முகவரி?" என்று கேட்டேன். "இது வீட்டுக்குள்ள இருக்கிற நம்பர், அப்பா. வெளியே செல்லாது" என்றான் மகன். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது.

மேசை எண்ணும் தெரு முகவரியும்

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான் இருக்க முடியும் என்ற கணக்கில் தொடக்கத்தில் வகுத்துவிட்டார்கள். உலகில் உள்ள கருவிகளுக்கு அது போதாது என்று 1990களிலேயே தெரிந்துவிட்டது. 1994இல் ஒரு சமாளிப்பு யோசனை வெளியானது. அதன்படி வீட்டுக்கு, அலுவலகத்துக்கு வெளியுலக முகவரி ஒன்றே ஒன்று. உள்ளே இருக்கும் கருவிகளுக்கு நாமே உள் எண் கொடுத்துக்கொள்ளலாம். 192.168 என்று தொடங்குபவை அத்தகைய உள் எண்கள். உங்கள் வீட்டிலும் இருக்கும், பக்கத்து வீட்டிலும் அதே எண் இருக்கும், பாரிஸிலும் இருக்கும். ரவுட்டர்தான் தபால் பிரிவு. உள்ளிருந்து போகும் உறையின் மேல் அலுவலக முகவரியை எழுதி அனுப்பும், பதில் வந்தால் உரிய மேசைக்குக் கொடுக்கும். இதற்கு 'நாட்' என்று பெயர்.

தபால் பிரிவு உறையைத்தான் பார்க்கும். உறைக்குள் இருக்கும் கடிதத்தைப் படிக்காது. உள்ளே நீங்கள், 'பதிலை 12ஆம் மேசைக்கு அனுப்பவும்' என்று மட்டும் எழுதிவிட்டால்? பெறுபவர் பாரிஸில் இருந்துகொண்டு எந்த அலுவலகத்து 12ஆம் மேசையைத் தேடுவார்? அக்காவின் போன் அதைத்தான் செய்தது. ஒப்புகையையும் அவள் குரலையும் 192.168.1.10 என்ற முகவரிக்கு அனுப்பியது. அது அவள் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை.

அப்படியானால் என் குரல் மட்டும் அவளுக்கு எப்படிக் கேட்டது? அவள் போன் புத்திசாலி. 'ஸ்டன்' என்று ஒரு முறை இருக்கிறது, 2003இல் வந்தது. வெளியே இருக்கும் ஒரு சர்வரிடம், 'ஐயா, உங்களுக்கு நான் எந்த முகவரியில் தெரிகிறேன்?' என்று போன் கேட்டுத் தெரிந்துகொள்ளும். அதனால் அது சரியான வெளி முகவரியைத் துண்டுச்சீட்டில் எழுதியது. நம் சர்வருக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. பதிவு மட்டும் ஏன் சரியாக நடந்தது என்றால், அதற்கான பதில் வந்த வழியிலேயே திரும்பிப் போகும். பதிவேட்டில் எல்லாம் 'ஓகே' என்று இருந்ததால்தான் மூன்று நாள் ஏமாந்தோம்.

தீர்வு இரண்டே வரி. 'சிப்.கான்ஃப்' என்ற கோப்பில், 'எக்ஸ்டெர்ன்ஐபி' என்ற இடத்தில் நம் வெளி முகவரி. 'லோக்கல்நெட்' என்ற இடத்தில் எவை உள் எண்கள் என்ற விவரம். கூடவே 'டைரக்ட்மீடியா' என்பதற்கு 'நோ' என்று எழுதினான். இல்லாவிட்டால் சர்வர் நல்லெண்ணத்தோடு, 'நீங்கள் இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளுங்கள்' என்று ஒதுங்கிக்கொள்ளும், மறுபடி உள் எண் வெளியே போய்விடும். ரவுட்டரில் 5060ஆம் கதவும், குரலுக்கான 10000 முதல் 20000 வரையிலான கதவுகளும் முன்பே சர்வருக்குத் திறந்துதான் இருந்தன. நிரலை மறுபடி ஓடவிட்டான்.

மணி அடித்தது. எடுத்தேன். "தம்பி, இப்பவாவது கேக்குதாடா?" என்றாள்.

நான் உடனே பதில் பேசவில்லை. பேச முடியவில்லை. "ஐயோ, இன்னைக்கும் போச்சா!" என்று அவள் அலுத்துக்கொண்டதும் கேட்டது. பிறகுதான், "கேட்குது அக்கா" என்றேன். 32 விநாடி தாண்டியது. ஒரு மணி நேரம் தாண்டியது. 1977இல் அந்த மூன்று நிமிடத்தில் என்ன பேசினாள் என்று அன்றுதான் கேட்டேன். "அப்பா முகத்துக்குத் துணி போட்டுட்டாங்களான்னு கேட்டேன்டா. அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டேன்" என்றாள்.

திறந்த கதவும் திருடரும்

கதவு திறந்தால் காற்று மட்டுமா வரும்? ஒரு வாரத்துக்குள் லாகில் புதுப் புதுக் கடிதங்கள். முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து 100, 101, 102, 103 என்று வரிசையாக எண்களை முயன்று, கடவுச்சொல்லை ஊகிக்கப் பார்க்கிறார்கள். உலகம் முழுவதும் 5060ஆம் கதவைத் தட்டிப் பார்க்கவே நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றனவாம். உள்ளே புகுந்துவிட்டால், அடுத்தவர் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசிக் கட்டணம் ஏற்றிவிடுவார்கள். நம் சர்வரில் வெளியே போகும் இணைப்பே இல்லாததால் பணம் போக வாய்ப்பில்லை. ஆனாலும் கடவுச்சொற்களை நீளமாக மாற்றி, தவறாக முயல்பவர்களைச் சில முறைக்குப் பின் தடுத்துவிடும்படி செய்தோம். யாராவது வீட்டில் இப்படி ஒன்று வைப்பதானால், எண்ணும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கும்படி மட்டும் வைக்காதீர்கள்.

பெர்லினில் பிறந்த இன்னொன்று

ஆஸ்டரிஸ்க் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 2001இல் பெர்லினில் உள்ள ஃப்ரௌன்ஹோஃபர் ஃபோகுஸ் ஆய்வு நிலையத்தில் 'சிப் எக்ஸ்பிரஸ் ரவுட்டர்' என்ற சர்வர் உருவாகத் தொடங்கியது. அதுவும் திறந்த மூலம். 2005இல் அதிலிருந்து பிரிந்து 'ஓப்பன்செர்' வந்தது. 2008இல் அந்தக் கிளை காமாய்லியோ என்று பெயர் மாற்றிக்கொண்டது, ஓப்பன்சிப்ஸ் என்று இன்னொன்றும் பிரிந்தது. காமாய்லியோ என்றால் ஹவாய் மொழியில் 'பேசுதல்' என்று பொருளாம். ஆஸ்டரிஸ்க் ஒவ்வோர் அழைப்பையும் தன் கையில் வாங்கி, குரலையும் தானே சுமந்து, மறுபக்கம் புதிய கடிதம் எழுதும். காமாய்லியோ தபால் பிரிப்பவர் மாதிரி. கடிதத்தை உரிய இடத்துக்குத் தள்ளிவிடும், குரலைத் தொடாது. அதனால் பெரிய கூட்டத்தை அதனால் சமாளிக்க முடியும். பிரான்ஸும் சும்மா இல்லை. கிரெனோபிளில் சிமோன் மொர்லா எழுதிய 'லின்ஃபோன்' 2001 முதல் இருக்கிறது. கணினியையும் கைபேசியையும் சிப் தொலைபேசியாக மாற்றும் திறந்த நிரல் அது.

நண்பரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். 4ஜியில் 'வோல்ட்டி' என்று கைபேசித் திரையில் ஓர் எழுத்துக் கூட்டம் தெரிகிறதே, அந்த அழைப்பு இதே சிப் மொழியில்தான் போகிறது. கைபேசித் துறையினர் 2000ஆம் ஆண்டிலேயே அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது, பழைய முறைக் குரல் வழியே அதில் இல்லை. எல்லாம் வோல்ட்டிதான். ஆக, உங்கள் சட்டைப்பையிலும் இன்வைட்டும், 180உம், ஒப்புகையும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அந்த எக்ஸ்சேஞ்ச் மறுபடி பூட்டிய அறையில் இருக்கிறது. பேச்சு அறுந்தால் ஏன் அறுந்தது என்று பதினோரு பக்கம் அச்செடுத்துத் தர அங்கே யாரும் இல்லை.

அக்கா 2015இல் காலமானாள். கடைசி நான்கு வருடமும் பெரும்பாலான மாலைகளில், அங்கே மதியச் சாப்பாடு முடிந்ததும் 101 அழுத்துவாள். பழைய ரெசிப்பிகள், யார் யாருக்கு என்ன உறவு, எந்தத் தெருவில் யார் வீடு என்று பேசுவோம். இந்தப் பக்கத்தில் நான் எழுதிய பழைய புதுச்சேரிக் கட்டுரைகள் பலவற்றில் பாதி அவள் சொன்னவைதான்.

அந்தக் கணினி பழுதாகி, ஆஸ்டரிஸ்க் இப்போது உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை பெட்டியில் ஓடுகிறது. பழைய 'சிப்.கான்ஃப்' முறையையே 2023இல் வந்த 21ஆம் பதிப்போடு நீக்கிவிட்டார்கள். மகன் எல்லாவற்றையும் புதிய முறையில் எழுதிக் கொடுத்தான். இப்போது 103இல் என் மகள் இருக்கிறாள், 104இல் பேரன். எழுதும்போது, "102ஐ எடுத்துவிடலாமா அப்பா?" என்று கேட்டான். இருக்கட்டும், வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றேன். அலுவலகத்திலும் சில கோப்புகளில் 'நிரந்தரமாகப் பாதுகாக்கவும்' என்று எழுதி வைப்பதுண்டு.

வெளிநாட்டில் உங்களுக்கும் யாராவது இருந்தால், இன்று மாலை ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள்.